சிறிய உண்ணியும் பெரிய காய்ச்சலும்

குறிகட்டுவான் துறையிலே படகேறி நெடுந்தீவுக்குச் செல்வோர் ஏறத்தாழ ஒரு மணி நேரம் கடலின்மேற் செல்ல வேண்டும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் அந்த ஒரு மணி நேரம் மிக நீண்டதாகத் தோன்றும். கரையில் இறங்கியதும் கண்ணிற்படுவன முருகைக் கற்களை அடுக்கிக் கட்டிய வேலிகள். அவற்றுக்கு அப்பால் வெளிகளிலே மாடுகளும் ஆடுகளும் மேய்கின்றன. இன்னும் தெற்கே சென்றால், முற்காலத்தில் அந்நியர் வளர்த்துவிட்ட குதிரைகளின் வழிவந்த மட்டக் குதிரைகள் கூட்டங்கூட்டமாகத் திரிவதைக் காணலாம். மனிதரும் கால்நடையும் ஒரே கிணற்று நீரைக் குடித்து, ஒரே நிழலில் ஒதுங்கி வாழும் நிலம் நமது தீவகம். ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு என்று எங்கே சென்றாலும் இந்த உறவைக் காணலாம்.

இந்த உறவின் நடுவே அழையாத விருந்தாளி ஒன்றும் இருக்கின்றது. மாலையிலே மேய்ச்சலால் திரும்பிய ஆட்டைப் பிடித்து, அதன் காதை மடித்துப் பார்த்து, சாம்பல் நிறமாக உருண்டு திரண்டிருக்கும் ஒன்றைக் கிள்ளியெடுத்துக் கல்லில் வைத்து நசுக்குவது நம் வீடுகளில் அன்றாடம் நிகழும் செயல். அதுதான் உண்ணி. அதை ஆட்டுக்கும் மாட்டுக்கும் உரிய தொல்லை என்று மட்டுமே நாம் நினைத்திருக்கின்றோம். அவ்வினத்தைச் சேர்ந்த சிறு பிராணிகள் மனிதருக்கும் கொடிய காய்ச்சலைக் கொண்டுவரும் என்பதை நம்மிற் பலர் அறியார். அறியாமையால் வரும் தாமதமே உயிருக்கு ஆபத்தாகின்றது. ஆதலின் இதைப்பற்றிச் சற்று விரிவாக எழுத எண்ணினோம்.

உண்ணி என்பது யாது?

உண்பது உண்ணி. அதன் பெயரே அதன் தொழிலைச் சொல்லிவிடுகின்றது. பசுவின் மடியிலே இருந்தும் பாலை விட்டு இரத்தத்தையே குடிக்கும் என்று முதியோர் இதனை இகழ்ந்து கூறுவதுண்டு. ஆமணக்கு விதையைப் பார்த்தவர்களுக்கு இரத்தம் குடித்துப் பருத்த உண்ணியின் தோற்றம் நினைவுக்கு வரும். மேல்நாட்டு அறிஞர்களுக்கும் இவ்வொப்புமை தோன்றியிருக்கின்றது. ஆமணக்குக்கு அவர்கள் இட்ட 'ரிசினஸ்' என்னும் சாத்திரப் பெயருக்கு இலத்தீன் மொழியிலே உண்ணி என்பதே பொருள்.

உண்ணியைப் பூச்சி என்று வழக்கமாகச் சொல்லுகின்றோம். ஆயினும் அது பூச்சியினத்தைச் சேர்ந்ததன்று. பூச்சிகளுக்கு ஆறு கால்கள்; வளர்ந்த உண்ணிக்கு எட்டுக் கால்கள். சிலந்தியும் தேளும் அதன் உறவினர். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுக்கு மட்டும் ஆறு கால்கள் உண்டு. அக்குஞ்சு ஒரு முறை இரத்தம் குடித்துத் தோலுரித்த பின்னரே எட்டுக் கால்களைப் பெறுகின்றது. மீண்டும் ஒரு முறை குடித்துத் தோலுரித்து முதிர்ந்த உண்ணியாகின்றது. மாட்டுண்ணி இம்மூன்று பருவங்களையும் ஒரே மாட்டின் உடலிலே ஏறத்தாழ மூன்று வாரங்களிற் கழித்துவிடும். நாயுண்ணி அப்படியன்று. ஒவ்வொரு பருவத்துக்கும் நாயின் உடலைவிட்டுக் கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலும் கொட்டிலின் மூலையிலும் மறைந்திருந்து, பின்னர் மீண்டும் ஏறும். நாயைக் கழுவியும் உண்ணி குறையவில்லையே என்று பலர் சலித்துக்கொள்வதற்குக் காரணம் இதுவே. நாயின்மேல் இருப்பவற்றைவிட வீட்டுச் சுவரில் ஒளிந்திருப்பவை அதிகம்.

வயிறு நிறையக் குடித்த பெண் உண்ணி தன் பழைய நிறையைப்போல நூறு மடங்குவரை பருத்துவிடும். பின்னர் நிலத்தில் விழுந்து ஆயிரக்கணக்கான முட்டைகளை இட்டு, அத்துடன் இறந்துவிடும். ஆட்டின் காதிலிருந்து ஓர் உண்ணியை எடுத்து நிலத்தில் எறிவது அடுத்த தலைமுறையை நாமே விதைப்பதற்கு ஒப்பானது என்பதை இதனால் அறியலாம்.

புல்நுனியிலே காத்திருக்கும் பசி

உண்ணிக்குச் சிறகில்லை, தத்திப் பாயவும் அது அறியாது. ஆயினும் இரையைத் தேடிப் பிடிக்கின்றது. குஞ்சுகள் புல்லின் நுனிக்கு ஏறி, பின்கால்களாற் பற்றிக்கொண்டு முன்கால்களை நீட்டியவாறு காத்திருக்கும். அம்முன்கால்களில் நுட்பமான ஓர் உறுப்பு உண்டு. நாம் விடும் மூச்சிலுள்ள கரியமில வாயுவையும் உடலின் வெம்மையையும் அதனால் அது அறிந்துகொள்ளும். மாடோ, நாயோ, பள்ளிக்கூடத்துக்குக் குறுக்கு வழியிற் செல்லும் சிறுவனோ உரசிக்கொண்டு போகும் கணத்திலே பற்றிக்கொள்ளும்.

கடித்ததும் நமக்கு வலி தெரிவதில்லை. அதன் உமிழ்நீரிலே தோலை மரக்கச் செய்யும் பொருளும், இரத்தத்தை உறையவிடாத பொருளும் இருக்கின்றன. பல இனங்கள் பசைபோன்ற ஒன்றைச் சுரந்து தம் வாயைத் தோலோடு ஒட்டிக்கொள்ளும். இவ்வாறு நாட்கணக்கில் இருந்து குடிக்கும். அவ்வுமிழ்நீரோடு கிருமியும் உள்ளே செல்லுமாயின் நோய் உண்டாகின்றது.

மாட்டு மந்தை கற்பித்த பாடம்

சிறு பிராணிகள் கடிப்பதால் நோய் பரவும் என்பதை மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பவில்லை. அமெரிக்காவிலே தெற்கிலிருந்து மாட்டு மந்தைகளை வடக்கே ஓட்டிச் சென்றபோது, வடநாட்டு மாடுகள் காய்ச்சலுற்றுச் சிறுநீர் சிவந்து மடிந்தன. உண்ணியே காரணம் என்று மாட்டுக்காரர் சிலர் சொன்னதைக் கற்றோர் பொருட்படுத்தவில்லை. தியோபல்ட் சிமித் என்னும் ஆராய்ச்சியாளர் தம் தோழர் கில்போனுடன் சேர்ந்து வேலியிட்ட நிலங்களிலே பொறுமையாகச் சோதனை நடத்தினார். உண்ணியை அகற்றிய தென்னாட்டு மாடுகளோடு நின்ற வடநாட்டு மாடுகள் நோயுறவில்லை. உண்ணியோடு கூடிய மாடுகளோடு நின்றவை நோயுற்றன. இதனை அவர்கள் 1893ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நுளம்பினுள்ளே மலேரியாக் கிருமி வளர்வதை றொனால்ட் றொஸ் செக்கந்தராபாத்திற் கண்டது அதற்கு நான்கு ஆண்டுகளுக்குப் பின்னரே.

நமது நாட்டு மாடுகளுக்கும் இந்நோய் புதிதன்று. உள்நாட்டு இன மாடுகள் தலைமுறை தலைமுறையாக உண்ணியோடு பழகி ஓரளவு தாங்கும் ஆற்றல் பெற்றுள்ளன. அதிகம் பால் தரும் என்று நாம் விரும்பி வாங்கும் மேல்நாட்டு இனக் கலப்பு மாடுகளோ எளிதில் நோயுறும். பசு உணவை மறுத்து, காய்ச்சலுற்று, சிறுநீர் கோப்பி நிறமாகப் போகுமாயின் ஒரு நாளும் தாமதியாது மிருக வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும். பசுவின் பாலை நம்பிப் பிள்ளைகளைப் படிப்பிக்கும் குடும்பத்துக்கு அது சிறிய இழப்பன்று.

அடுத்து மனிதரின் நோய்க்கு வருவோம். ஹோவார்ட் ரிக்கெற்ஸ் என்னும் அமெரிக்க வைத்தியர் மலைநாட்டிலே பரவிய ஒருவகைப் புள்ளிக் காய்ச்சலுக்கு உண்ணியே காரணம் என்று 1906ஆம் ஆண்டிற் காட்டினார். பின்னர் மெக்சிக்கோவிலே டைபஸ் காய்ச்சலை ஆராயப் போனவர் அந்நோய்க்கே இரையாகி 1910ஆம் ஆண்டில் உயிர்நீத்தார். அவர் தேடிய கிருமியினத்துக்கு அவர் நினைவாகவே 'ரிக்கெற்சியா' என்று பெயரிட்டனர். நம் அயல்நாட்டிலும் இத்தகைய வரலாறு உண்டு. 1957ஆம் ஆண்டிலே மைசூர் மாநிலத்துச் சிமோகா மாவட்டக் காடுகளிற் குரங்குகள் இறந்து விழுந்தன. காட்டுக்குப் போன மக்களும் காய்ச்சலுற்றனர். உண்ணி பரப்பும் வைரசு ஒன்றே அதற்குக் காரணம் என்று கண்டு, அக்காட்டின் பெயரால் கியாசனூர் காட்டுநோய் என்று அதனை அழைக்கலாயினர்.

ஒரே பெயரில் இரு காய்ச்சல்கள்

இலங்கையிலே மத்திய மலைநாட்டுப் பகுதிகளில் உண்ணிகள் பரப்பும் புள்ளிக் காய்ச்சல் காணப்படுகின்றது. அதிலே உடலெங்கும், சிலவேளை உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்கூட, செந்நிறப் புள்ளிகள் தோன்றும், மூட்டுகள் நோகும். வடபகுதியில் நாம் பெரும்பாலும் 'உண்ணிக் காய்ச்சல்' என்று சொல்வது வேறொன்று. வைத்தியர்கள் அதனை 'ஸ்கிரப் டைபஸ்' என்பர். 'ஸ்கிரப்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்குப் பற்றைக்காடு என்று பொருள். பற்றைக்காய்ச்சல் என்றே நாம் அதனை அழைக்கலாம்.

இதனைப் பரப்புவது மாட்டிலே காணும் உண்ணியன்று. அதற்கு உறவான மிகச் சிறிய பிராணியின் குஞ்சு. இதனைச் சிற்றுண்ணி என்போம். மாரியின் முதன்மழையிலே ஈரமண்ணில் ஊர்ந்து வரும், செந்நிறப் பட்டுப்போன்ற தம்பலப்பூச்சியைப் பிள்ளைகள் உள்ளங்கையில் ஏந்தி விளையாடுவார்கள் அல்லவா? இலக்கியங்களில் இந்திரகோபம் என்று புகழப்படும் அந்த அழகிய உயிரும் சிற்றுண்ணியும் நெருங்கிய சுற்றத்தினர். தம்பலப்பூச்சி நமக்குத் தீங்கு செய்யாது. சிற்றுண்ணியின் குஞ்சோ ஒரு மில்லிமீற்றரின் ஐந்திலொரு பங்கு அளவினது; வெறுங்கண்ணுக்குப் புலப்படுவது அரிது. எலி முதலிய சிறு விலங்குகளின் மேல் ஏறி உணவுகொள்வது அதன் இயல்பு. எலி உலாவும் பற்றையில் மனிதன் நுழையும்போது அவன்மேலும் ஏறுகின்றது. கிருமி தாய்ச் சிற்றுண்ணியிலிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்கும் செல்வதால், ஒரு பற்றையிலே நோய் குடிகொண்டால் எளிதில் அகலாது.

இரண்டாம் உலகப் போரிலே பர்மா, அசாம் எல்லைகளிற் போரிட்ட படைவீரர் பலரை இக்காய்ச்சல் வீழ்த்தியது. யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்கு வந்த காய்ச்சல் நோயாளரிடையே இந்நோய் இருப்பதை ஆராய்ச்சியாளர்கள் இரத்தப் பரிசோதனையால் உறுதிசெய்து 2014ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மாரி மழை பெய்து புல்லும் பற்றையும் தழைத்த பின்னரே இது பெரிதும் தலைகாட்டுகின்றது.

நம் தீவகத்துக்கு இதிலே சிறப்பான கவலை ஒன்றுண்டு. 1990ஆம் ஆண்டளவில் போரினால் இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல திரும்பி வரவில்லை. கொழும்பிலும் கனடாவிலும் ஐரோப்பாவிலும் வேரூன்றிவிட்டன. அவர்களின் வளவுகள் கூரையிழந்த வீடுகளோடும் தூர்ந்த கிணறுகளோடும் பற்றை மண்டிக் கிடக்கின்றன. எலிக்கு அது அரண்மனை. எலி இருக்குமிடத்திலே சிற்றுண்ணிக்கும் இடமுண்டு. அப்பற்றைக்குள்ளேதான் நம் பிள்ளைகள் பந்து தேடுகின்றார்கள். பெண்கள் விறகு பொறுக்குகின்றார்கள். ஆட்டுக்குக் குழை ஒடிக்கின்றார்கள்.

கறுத்த பொருக்கு

சிற்றுண்ணி கடித்தபின் ஆறு முதல் இருபத்தொரு நாட்களுக்குள் காய்ச்சல் தொடங்கும். பெரும்பாலும் பத்து நாட்கள் சென்ற பின்னரே வருவதால், பற்றைக்குள் நுழைந்ததை நோயாளி மறந்தே போயிருப்பார். தலையிடி, உடல்நோ, குளிர் நடுக்கம், கண் சிவத்தல், நெறிகட்டுதல் ஆகியவை உடன்வரும். இவை டெங்குக் காய்ச்சலுக்கும் எலிக்காய்ச்சலுக்கும் உரியவைதாமே என்று வாசகர்கள் கேட்கலாம். உண்மை. அம்மூன்றும் மாரி காலத்திலேயே வருவதால் மயக்கம் மிகுதி. 2024ஆம் ஆண்டு டிசெம்பரிலே யாழ்ப்பாணத்திற் பரவி மக்களைக் கலங்கவைத்த காய்ச்சல், பரிசோதனையின் பின்னர் எலிக்காய்ச்சல் என்று தெரியவந்ததை நாம் மறந்துவிடவில்லை.

ஆயினும் பற்றைக்காய்ச்சலுக்கு ஓர் அடையாளம் உண்டு. சிற்றுண்ணி கடித்த இடத்திலே தோல் கருகி, சுருட்டு நெருப்பாற் சுட்டதுபோன்ற கறுத்த பொருக்கு ஒன்று உண்டாகும். அதனைச் சுற்றிச் செந்நிற வளையம் காணப்படும். நோவோ சொறியோ இல்லாததால் நோயாளி அதனை அறியமாட்டார். அக்குள், தொடையிடுக்கு, காதின் பின்புறம், மார்பின் கீழ், சாரமோ சேலையோ இறுக்கிக் கட்டும் இடுப்பு ஆகிய மறைவான இடங்களிலேயே அது பெரும்பாலும் இருக்கும். நாணத்தினால் இவ்விடங்களைக் காட்டாமல் விடுவதும், பார்க்காமல் விடுவதும் நிகழ்கின்றன. காய்ச்சலுற்ற பிள்ளையைத் தாயாரோ ஆச்சியாரோ உச்சி முதல் உள்ளங்கால்வரை நன்றாகப் பார்த்தல் வேண்டும். பொருக்கு எல்லாரிடத்தும் தோன்றுவதில்லை. ஆதலின் அது காணப்படாமையால் நோய் இல்லையென்று துணியவும் கூடாது.

காலமும் கடலும்

இந்நோய்க்கு மலிவான மருந்து இருக்கின்றது என்பது நற்செய்தி. யாழ்ப்பாணத்தார் பலர் உத்தியோகம் தேடிச் சென்ற மலாயாவிலே, கோலாலம்பூரில் 1948ஆம் ஆண்டு ஜோசப் சிமடெல் என்னும் அமெரிக்க வைத்தியரின் குழுவினர் குளோரம்பெனிக்கோல் என்னும் மருந்தாற் பற்றைக்காய்ச்சலைக் குணப்படுத்திக் காட்டினர். இன்று பெரும்பாலும் டொக்சிசைக்கிளின் கொடுக்கின்றார்கள். கருவுற்ற தாய்மாருக்கு அசித்திரோமைசின் கொடுப்பதுண்டு. காலத்தோடு மருந்து தொடங்கினால் பெரும்பாலும் இரண்டு நாட்களுக்குள் காய்ச்சல் தணியும். பெனிசிலின் வகை மருந்துகள் இக்கிருமியை ஒன்றும் செய்யா. முன்பு வாங்கி மீந்த குளிசையை விழுங்கிவிட்டு நாட்களைப் போக்குவது எவ்வளவு தவறு என்பதை இதனால் உணரலாம். டொக்சிசைக்கிளினையும் நாமாக வாங்கி உண்ணுதல் தகாது. அளவையும் நாட்களையும் வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.

தாமதித்தாலோ நுரையீரல், ஈரல், சிறுநீரகம், மூளை ஆகியவை தாக்கப்படலாம், உயிரும் போகலாம். யாழ்ப்பாண நகரத்திலிருப்பவர் நள்ளிரவிலும் வைத்தியசாலைக்குப் போகலாம். ஊர்காவற்றுறையாருக்கும் வேலணையாருக்கும் பண்ணைப் பாலம் இருக்கின்றது. நெடுந்தீவாருக்கும் நயினாதீவாருக்கும் நடுவிலே கடல் கிடக்கின்றது. நெடுந்தீவிலே ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். திங்கட்கிழமை பிள்ளைக்குக் காய்ச்சல். நாளைக்குத் தணியும் என்று ஒரு நாள். மல்லிக் குடிநீர் கொடுத்து இன்னொரு நாள். கடல் கொந்தளிக்கின்றது என்று மற்றொரு நாள். வியாழக்கிழமை மூச்சு வாங்குகின்றது. அந்நேரத்திலே படகைத் தேடி ஓடுவதைவிட, முதல் இரண்டு நாட்களுக்குள் தீவிலுள்ள வைத்தியசாலைக்கே நடந்து போயிருக்கலாம். மல்லிக் குடிநீரை நாம் பழிக்கவில்லை. அது தாகத்தையும் களைப்பையும் தீர்க்கும், கிருமியைக் கொல்லாது.

வைத்தியரிடம் செல்லும்போது சில செய்திகளைத் தாமாகவே கூறுதல் நன்று. கடந்த மூன்று வாரங்களிற் பற்றைக்குள் போனதுண்டா, வளவு துப்புரவு செய்ததுண்டா, உண்ணி கடித்ததுண்டா, உடலிலே பொருக்கு உண்டா என்பவை அவை. வைத்தியர் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

காக்கும் வழிகள்

பற்றைக்காய்ச்சலுக்குத் தடுப்பூசி இல்லை. ஆதலின் நம் பழக்கங்களே நமக்குக் காப்பு.

விறகுக்கும் குழைக்கும் போகும்போது முழுக்கையுடைய சட்டையும் நீண்ட காற்சட்டையும் அணிந்து, காற்சட்டையின் நுனியைக் காலுறைக்குள் விடுதல் வேண்டும். நுளம்புக்குப் பூசும் 'டீட்' கலந்த களிம்பு இவற்றையும் ஓரளவு விலக்கும். ஒடித்த குழைக்கட்டைத் தோளிலே சுமந்து வருவதும், புல்லின்மேல் வெற்றுடம்போடு படுப்பதும், களைந்த உடையைப் பற்றையின்மேற் போடுவதும் தவிர்க்கத்தக்கன. வீடு திரும்பியதும் உடையை மாற்றி, கிணற்றடியிலே சவர்க்காரம் தேய்த்துக் குளிக்க வேண்டும். இறுகப் பற்றுவதற்கு முன் சிற்றுண்ணிகள் கழுவுண்டு போகும். உடையைச் சுடுநீரில் அலசி வெயிலிற் காயப்போடுதல் நன்று.

வீட்டைச் சுற்றியுள்ள புல்லையும் பற்றையையும் வெட்டி, வெயில் நிலத்திற் படும்படி செய்தல் வேண்டும். சோறு, தவிடு, தேங்காய்த் துருவல் ஆகியவற்றைச் சிதறவிட்டால் எலிகள் பெருகும். ஆளில்லாத வளவுகளைப் பொறுத்தவரை, வெளிநாட்டிலிருக்கும் உறவினருக்கு நாம் ஒரு வேண்டுகோள் விடுக்கின்றோம். கோயில் திருவிழாவுக்குக் காசு அனுப்பும் கையால், ஆண்டுக்கொரு முறை தம் வளவின் பற்றையை வெட்டுவதற்கும் சிறிது அனுப்புவார்களாயின் அயலவரின் பிள்ளைகள் அவர்களை வாழ்த்துவார்கள்.

கால்நடைகளின் காது, கழுத்து, தொடையிடுக்கு, வாலடி ஆகியவற்றை நாள்தோறும் பார்த்தல் வேண்டும். கொட்டிலின் சுவர் வெடிப்புகளை அடைத்து, குப்பையை அகற்ற வேண்டும். உண்ணிக்கு இடும் மருந்துகள் நஞ்சுடையவை. மிருக வைத்தியர் கூறிய அளவை மீறுதலும், அவர் குறித்த நாட்களுக்கு முன் அப்பசுவின் பாலைப் பயன்படுத்துதலும் தீங்காகும். மாட்டுக்குரிய அமித்திராஸ் என்னும் மருந்து குதிரைக்குக் கேடு செய்யும் என்பதையும் நெடுந்தீவார் நினைவிற் கொள்க.

கடித்த உண்ணியை அகற்றல்

உடலிலே உண்ணி ஒட்டியிருக்கக் கண்டால் மண்ணெண்ணெய் ஊற்றுதல், நெருப்பினாற் சுடுதல், சுண்ணாம்பு பூசுதல் என்னும் பழைய முறைகளைக் கைவிட வேண்டும். துன்புற்ற உண்ணி தன் வயிற்றிலுள்ளதைக் கடிவாயிலே கக்கிவிடலாம். கூரிய நுனியுள்ள சாவணத்தால் அதன் வாய்ப்புறத்தைத் தோலோடு அணுகப் பிடித்து, முறுக்காமல் நேராக மெல்ல இழுத்தெடுக்க வேண்டும். பின்னர் அவ்விடத்தையும் கைகளையும் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும். எடுத்த உண்ணியை விரலால் நசுக்காமல் ஸ்பிரிற்றில் இட்டுக் கொல்லலாம். அன்றைய தேதியை நாட்காட்டியிற் குறித்துவைத்தால், பின்னர்க் காய்ச்சல் வருமாயின் அக்குறிப்பு வைத்தியருக்கு உதவும்.

காதுக்குள் உண்ணி புகுவது நம் நாட்டிலே அடிக்கடி நிகழ்வது. பிள்ளை காதுக்குள் ஏதோ ஊர்கின்றது, நோகின்றது என்று அழுதால் ஊசியையோ தீக்குச்சியையோ விட்டுக் கிளறுதல் ஆகாது. செவிப்பறை கிழியக்கூடும். வைத்தியசாலையில் அதனை ஆபத்தின்றி எடுத்துவிடுவார்கள்.

இவற்றையெல்லாம் படித்துவிட்டு ஆட்டையும் மாட்டையும் கண்டு அஞ்சவேண்டியதில்லை. அவை நம் வீட்டுச் செல்வங்கள். அவற்றின் உடல்நலம் நம் உடல்நலத்தோடு பின்னியது. மாணவர்கள் இக்கட்டுரையை வீட்டிலுள்ள ஆச்சியாருக்கும் அப்புவுக்கும் வாசித்துக் காட்டுவார்களாக. அடுத்த மாரியிலே ஒரு தாய் தன் பிள்ளையின் அக்குளில் ஒரு கறுத்த பொருக்கைக் கண்டு, விடிந்ததும் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்வாளாயின், இதனை எழுதிய பயனை நாம் அடைந்தவர்களாவோம்.